கருணை மனு: 30 நாள் கெடு எப்போது தொடங்குகிறது, மனுவில் என்ன இருக்க வேண்டும்

தூக்குத் தண்டனைக் கைதியின் கருணை மனுவுக்கு 2024 ஜூலை 1 முதல் காலக்கெடு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டையோ சீராய்வு மனுவையோ தள்ளுபடி செய்ததைச் சிறைக் கண்காணிப்பாளர் கைதியிடம் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள். தீர்ப்பு நாளிலிருந்து அல்ல. ஆகவே, தெரிவித்த தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கைதியோ, வாரிசோ, வேறு உறவினரோ மனு கொடுக்கலாம். முதலில் ஆளுநரிடம் போவது நல்லது. அவர் நிராகரித்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம் போகலாம். நேரே டெல்லிக்கு அனுப்பினால் ஒரு வாய்ப்பு வீணாகிறது.

சிறையிலிருந்து அவசரத்தில் எழுதிய ஒரு பக்க மன்றாட்டு பெரும் ஆபத்து. 'ஏற்கெனவே மனு கொடுக்காதவர்' மனு கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. விட்டதை இரண்டாம் மனுவில் சேர்க்கலாம் என்று நம்பியிருக்க முடியாது. மனநல சிகிச்சைப் பதிவுகள், தனிச்சிறையில் கழித்த காலம், சிறை நடத்தைச் சான்று, சிறுவயதுக் கொடுமைகள், பிள்ளைகளின் நிலை, அதே வழக்கில் மற்றவர்களுக்குக் கிடைத்த குறைந்த தண்டனை எல்லாம் முதல் மனுவிலேயே இருக்கட்டும். சாட்சியத்தின் ஓட்டைகளையும் எழுதுங்கள். குடியரசுத் தலைவர் சாட்சியங்களைத் தாமே ஆராயலாம் என்று கேஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றம் நடந்தபோது வயது 18 நிரம்பவில்லை என்றால் கருணைக்குக் காத்திருக்க வேண்டாம். இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் நீதிமன்றத்தில் அதை எழுப்பலாம்.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு; சட்ட உதவி எண் 15100. வழக்கு ஆவணங்களின் நகலைச் சிறை நிர்வாகம் ஒரு வாரத்துக்குள் தர வேண்டும், நிராகரிப்பைத் தெரிவித்தபின் 14 நாள் கழியாமல் தூக்கிலிடக் கூடாது என்பவை உச்ச நீதிமன்றத்தின் 2014 ஜனவரி 21 சத்ருகன் சவுகான் தீர்ப்பின் கட்டளைகள். அத்தீர்ப்பு 15 பேரின் உயிரைக் காத்தது. அடுத்த மாதமே, கருணை மனுவை முடிவு செய்ய எடுத்த 11 ஆண்டு தாமதத்தைக் காட்டி, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் தூக்கும் ஆயுளாகக் குறைக்கப்பட்டது.

கைதிக்கு 30 நாள் கெடு வைத்த சட்டம், குடியரசுத் தலைவருக்கு ஒரு நாளும் குறிக்கவில்லை. கருணை முடிவை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்றும் 7ஆம் உட்பிரிவில் எழுதியிருக்கிறது. உயிர் போகிற விஷயத்தில் இது அநீதி. உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றத்தையும் நாட அரசமைப்பின் 32, 226ஆம் உறுப்புகள் தந்த உரிமையைச் சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது என்பதே எங்கள் நிலை. அந்த வாதத்துக்கு ஆதாரம் தேவைப்படும்: அனுப்பிய ஒவ்வொரு மனுவின் ஒப்புகைச் சீட்டையும் பதில் வந்த தேதியையும் வரிசையாகக் குறித்து வையுங்கள்.