காற்று அடித்தால் ஃபோர்க் நீளுமா?

மவுன்டன் பைக் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் சைக்கிளின் முன் ஃபோர்க் 120 மி.மீ. டிராவல். ஷாக் பம்பு வைத்து இன்னும் கொஞ்சம் காற்று அடித்தால் 140 ஆகிவிடுமா?"

ஆகாது. ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்து அதிர்வைத் தாங்கும் கால்கள், விறைத்துக்கொள்ளும், உள்ளங்கை வலிக்கும், அவ்வளவுதான். ஆனாலும் நல்ல கேள்வி. காற்றால் கூடாத டிராவல் வேறு எதனால் கூடும் என்று தேடிப் போனால், உலோகக் குழாயின் உட்சுவரில் இருக்கும் ஒரு சின்னக் குழியில் போய் நிற்போம். எனக்கு மிகவும் பிடித்த குழி அது.

டிராவல் என்பது மேடு பள்ளத்தில் முன்சக்கரம் மேலே ஏறி வரக்கூடிய மொத்தத் தூரம். 1990-இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் டவுன்ஹில் (மலையிறக்கப் பந்தயம்) பட்டம் வென்றது, ஃபோர்க் தயாரிக்கும் நிறுவனமான ராக்‌ஷாக்ஸின் ஆர்எஸ்-1 ஃபோர்க்கில். அதன் டிராவல் சுமார் 5 செ.மீ. இன்றைய டவுன்ஹில் சைக்கிள்களில் 20 செ.மீ. சர்வசாதாரணம்.

ஃபோர்க்கின் ஒரு காலில் துள்ளலை அடக்கும் எண்ணெய் டேம்பர், மற்றதில் ஸ்பிரிங். இப்போது அந்த ஸ்பிரிங் பெரும்பாலும் வெறும் காற்றுதான். மேல் குழாயின் அடிவாயை ஒரு மூடி அடைத்திருக்கும். மூடியின் நடுத்துளை வழியாக ஒரு தண்டு உள்ளே போகும். தண்டின் அடிமுனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்காலோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும், மேல்முனையில் பிஸ்டன். சக்கரம் கல்லில் ஏறினால் பிஸ்டன் மேலே போய்க் காற்றை அமுக்கும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துவது போலத்தான். கல் தாண்டியதும் காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும். அது அடிமூடியில் வந்து முட்டி நிற்கும்.

டிராவலைத் தீர்மானிப்பது அந்த முட்டு. முழுக்க அமுங்கிய நிலையில் கீழ்க்கால் எங்கே நிற்கும் என்பது ஃபோர்க்கின் வார்ப்பிலேயே முடிவாகிவிட்டது, அது மாறாது. மாற்ற முடிவதெல்லாம் தொடங்கும் இடத்தை மட்டும். 140-ஐ 120 ஆக்கினால் ஃபோர்க் 20 மி.மீ. குட்டையாக நிற்கும், அவ்வளவே. இதற்கு இரண்டு வழி. குட்டையான தண்டு மாட்டலாம். அல்லது பழைய தண்டிலேயே பிஸ்டனுக்கும் அடிமூடிக்கும் நடுவே 20 மி.மீ. ஸ்பேசர் (இடைக்கட்டை) செருகி, முன்கூட்டியே முட்ட வைக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று. உள்ளே அப்படியில்லை. அதற்குத்தான் அந்தக் குழியைப் பற்றித் தெரிய வேண்டும்.

குழாயின் உள்விட்டம் 32 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டனின் பரப்பு சுமார் 8 சதுர செ.மீ. உள்ளே 80 பிஎஸ்ஐ காற்று இருந்தால், பிஸ்டனை அது கிட்டத்தட்ட 45 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கீழே தள்ளிக்கொண்டிருக்கும். அதாவது 45 கிலோவுக்குக் குறைவான எந்த அழுத்தத்துக்கும் ஃபோர்க் அசைந்து கொடுக்காது. சின்னச் சின்னக் கல்லெல்லாம் நேராகக் கைக்கு வந்துவிடும்.

இதற்கு முறிமருந்தும் காற்றுதான். பிஸ்டனுக்கும் அடிமூடிக்கும் இடையே இன்னொரு காற்றறை வைத்து அதிலும் அதே அழுத்தத்தை நிரப்பினால், மேலிருந்து தள்ளுவதும் கீழிருந்து தள்ளுவதும் ஏறக்குறைய சரிக்குச் சரி. ஃபோர்க் தொட்டால் அசையும். பிஸ்டன் கொஞ்சம் மேலே போனதும் கீழறை சட்டென விரிந்து வலுவிழக்கும், மேலறை தன் வேலையைத் தொடங்கும். நெகட்டிவ் ஸ்பிரிங் என்பது இந்தக் கீழறையைத்தான். ராக்‌ஷாக்ஸின் டூயல் ஏர் ஃபோர்க்குகளில் மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என இரண்டு வால்வுகள் இருந்தன. இரண்டையும் பொருத்தமாக நிரப்புவது ஓட்டுபவர் பாடு. பிறகு சோலோ ஏர் என்ற வகையில் ஒரே வால்வு வைத்தார்கள். கீழறைக்குக் காற்று போக, குழாய்ச் சுவரில் ஓரிடத்தில் ஒரு சிறு குழி. பிஸ்டனின் ரப்பர் சீல் அந்த இடத்துக்கு வரும்போது, காற்று குழி வழியே சீலைச் சுற்றி மறுபக்கம் போய்விடும். இரண்டு அறையிலும் அழுத்தம் சமம். பிஸ்டன் நகர்ந்ததும் கதவு அடைபட்டுவிடும். தனி வால்வு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, தேய்ந்துபோக ஒன்றுமே கிடையாது. இந்த யோசனை வந்தவருக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

காற்று அடித்த பிறகு ஃபோர்க்கைப் பத்து முறை மெதுவாக அமுக்கச் சொல்வதும் இதனால்தான். பிஸ்டன் குழியைத் தாண்டிப் போய்வந்தால்தான் கீழறைக்குப் பங்கு கிடைக்கும். பிறகு பம்பை மாட்டிப் பார்த்தால் அழுத்தம் இறங்கியிருக்கும். திரும்ப நிரப்ப வேண்டும். மாறாக, மேல்வால்வை அமுக்கிச் சட்டென்று காற்றை இறக்கினால் கீழறையில் மட்டும் அழுத்தம் தங்கி, ஃபோர்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். "என் 120 ஃபோர்க் 110-தான் காட்டுகிறது" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

இப்போது ஸ்பேசருக்கு வருவோம். ஸ்பேசர் போட்டால் பிஸ்டன் குழிக்கு மேலேயே நின்றுவிடும். குழி பக்கம் அது வராவிட்டால் கீழறை பட்டினிதான். அதனால் இந்த வகை ஃபோர்க்குகளில் ஒவ்வொரு டிராவலுக்கும் தனி நீளத் தண்டு வாங்க வேண்டும். ஸ்பேசருக்கு இடம் வைத்தே வடிவமைத்த ஃபோர்க்குகளும் உண்டு. எது உங்களுடையது என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள்.

தண்டை மாற்றினாலும் ஒரு பக்கவிளைவு இருக்கிறது. மேலறையின் காற்றுத்தூண் 220 மி.மீ. உயரம் என்று வையுங்கள். 160 மி.மீ. டிராவலில் முழுக்க அமுங்கும்போது மிஞ்சுவது 60. பாயில் விதிப்படி (காற்றின் இடம் குறையும் மடங்குக்கு அழுத்தம் கூடும்) அழுத்தம் சுமார் 3.7 மடங்கு. டிராவலை 140 ஆக்கினால் மிஞ்சுவது 80, அழுத்தம் 2.75 மடங்குதான். பெரிய குதியில் ஃபோர்க் எளிதாக முழுக்க அமுங்கி இடித்துவிடும். இதைச் சரிக்கட்ட மேலறைக்குள் டோக்கன் எனப்படும் பிளாஸ்டிக் கட்டையைத் திருகி, இடத்தைக் குறைக்கிறார்கள். டோக்கனால் டிராவல் மாறுவதில்லை. கடைசிப் பகுதி கடினமாகும், அவ்வளவுதான்.

டிராவலைக் கூட்டுபவர்களுக்கு இன்னொரு கணக்கு. சக்கர இடைவெளி 1,200 மி.மீ. உள்ள சைக்கிளில் ஃபோர்க் 20 மி.மீ. நீண்டால், ஹெட் ஆங்கிள் (ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைக்குழாயின் சாய்வு) ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சாயும், பெடல் அச்சு 6, 7 மி.மீ. உயரும். இறக்கத்தில் தைரியம், ஏற்றத்தில் முன்சக்கரம் அலைபாயும். ஃபிரேமின் தலைக்குழாயில் விழும் நெம்புவிசையும் கூடும். ஃபிரேம் தயாரித்தவர் சொன்ன உச்ச அளவைத் தாண்டவே கூடாது. "அதிக டிராவல் என்றால் நல்ல சைக்கிள்" என்பது நம் ஊர்ப் பல்லி ஜோசியத்துக்குச் சமமான நம்பிக்கை.

ஓட்டும்போதே டிராவலை மாற்றும் ஃபோர்க்குகளும் ஒரு காலத்தில் பிரபலம்: ராக்‌ஷாக்ஸின் யூ-டர்ன், இன்னொரு தயாரிப்பாளரான ஃபாக்ஸின் டலாஸ். ஏற்றத்துக்குக் குட்டை, இறக்கத்துக்கு நெட்டை. இப்போது இருக்கையை முன்தள்ளி வைக்கும் செங்குத்தான சீட் ஆங்கிள்கள் வந்து அந்தத் தேவையைப் பெருமளவு குறைத்துவிட்டன. எனக்கு அதில் வருத்தமில்லை. கூடுதல் சீல் என்றால் கூடுதல் கசிவு.

நீங்களே பிரிக்கப் போகிறீர்களா? காற்றை முழுதாக இறக்காமல் எந்த மூடியிலும் கை வைக்காதீர்கள். புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் 80 பிஎஸ்ஐயில் தெறிக்கும் பிஸ்டனுக்கு அது தெரியாது. மாட்டி முடித்ததும், காற்று நிரப்புவதற்கு முன் ஃபோர்க்கை முழுக்க இழுத்து, முழுக்க அமுக்கி, மேல் குழாயில் உள்ள ரப்பர் வளையம் (ஓ-ரிங்) எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்து பாருங்கள். நினைத்த எண் வந்தால் எண்ணெய் ஊற்றிப் போல்ட்டை இறுக்கலாம்.