ஹெட்ஃபோன் மாட்டாமல் மதிப்பெண் போடாதீர்கள்

குறும்பட விழா ஒன்றின் தேர்வுக் குழுவில் முதன்முதலாக உட்கார்ந்த வருடம், ஒரு படத்துக்குப் பத்துக்கு நாலு போட்டேன். 11 நிமிடப் படம். வயதான ஒருவர் முன்னறையில் உட்கார்ந்து நோட்டில் கணக்கு எழுதுகிறார். எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறார், திரும்ப வந்து எழுதுகிறார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். படம் முடிந்துவிட்டது. ‘எதுவும் நடக்கவில்லை’ என்று குறிப்பெழுதிவிட்டு அடுத்த லிங்க்கைத் திறந்தேன்.

குழுவில் மற்ற இருவரும் நல்ல மதிப்பெண் கொடுத்திருந்ததால் படம் தேர்வாகிவிட்டது. விழாவில் அதே படத்தை அரங்கில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஷாட்டிலிருந்தே உள்ளறையில் ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மூச்சுத் திணறும் நோயாளிகளுக்கு வைக்கும் ஆக்ஸிஜன் இயந்திரம். கதவிடுக்கு வழியாகத் தெரியும் அதன் மெல்லிய குழாயை நான் முதல் தடவையே பார்த்திருந்தேன், பொருட்படுத்தவில்லை. சுவரைத் தாண்டி வருவதால் இயந்திரத்தின் அடித்தொனி மட்டும் அரங்கு முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கிறது. பத்தாவது நிமிடத்தில் அது நின்றுவிடுகிறது. அதற்கப்புறம்தான் அவர் பேனாவை மூடுகிறார். அரங்கில் ஒருவரும் அசையவில்லை.

லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் அவ்வளவு தாழ்ந்த ஒலி கிட்டத்தட்ட வரவே வராது. வராத சத்தம் நின்றுபோனது எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? நான் பார்த்தது வேறு ஒரு படம். போட்ட நாலும் அந்த வேறு படத்துக்கு. மற்ற இருவரும் என்னைப் போலவே பார்த்திருந்தால் அந்த இயக்குநருக்கு ‘வருந்துகிறோம்’ என்று ஒரு மின்னஞ்சல் போயிருக்கும், அவ்வளவுதான்.

படத்தொகுப்பு என் தொழில். அதற்கிடையே பல வருடங்களாக முதற்கட்டத் தேர்விலும் நடுவர் குழுக்களிலும் உட்கார்ந்து வருகிறேன். இப்போது சின்னதும் பெரியதுமாக நிறைய விழாக்கள் நடக்கின்றன, புதிதாக நிறையப் பேரை நடுவராகக் கூப்பிடுகிறார்கள். யாரும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. லிங்க்கும் பாஸ்வேர்டும் வரும், மதிப்பெண் படிவம் வரும், கடைசித் தேதி வரும். அப்படி ஒரு மின்னஞ்சல் உங்களுக்கு வந்திருந்தால், படத்தைத் திறக்கும் முன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

முதலில் ஹெட்ஃபோன். காதை முழுக்க மூடும் வகை. அறையை இருட்டாக்கிவிட்டு முழுத்திரையில் பாருங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். இதையெல்லாம் செய்பவர்கள்கூட ஒன்றில் தவறுகிறார்கள்: வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது. ‘கதை புரிந்தால் போதும்’ என்று ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்ததாக ஒரு சக நடுவர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். எடிட்டிங் மேஜையில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. ஒரு பெண்ணின் முகத்தின் மேல் ஷாட்டை இன்னும் 12 ஃப்ரேம் நிறுத்துவதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறேன். நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 12 ஃப்ரேம் அரை நொடி. அந்த அரை நொடியில்தான் அவள் பொய் சொல்கிறாள் என்பது பார்ப்பவருக்குப் பிடிபடுகிறது. வேகமாக ஓட்டினால் அது போய்விடும். கதை புரியும், படம் கிடைக்காது.

நேரம் இல்லை என்பதுதான் உண்மையான சிக்கல், அதை நான் மறுக்கவில்லை. ஆஸ்கர் விதிப்படி டைட்டில்களையும் சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம். கான் விழாவின் குறும்படப் போட்டியில் 15 நிமிடம்தான் உச்சவரம்பு. சராசரியாக 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் நூறு படங்களுக்கு 25 மணி நேரம். பிரான்சின் கிளெர்மோன் ஃபெராண்ட் போன்ற பெரிய குறும்பட விழாக்களுக்கு வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் படங்கள் வருகின்றன. இதனால்தான் விழா நடத்துகிறவர்களிடம் நான் முதலிலேயே கேட்டுவிடுவேன்: எத்தனை படங்கள், எத்தனை நாட்கள்? ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் ஆகும் போலிருந்தால் ஒப்புக்கொள்வதில்லை. எட்டாவது படம் தாண்டியதும் என் குறிப்புகள் சுருங்க ஆரம்பிக்கும். ‘நீளம்’, ‘பரவாயில்லை’, ‘பார்த்த கதை’. அடுத்த நாள் காலையில் எடுத்துப் பார்த்தால் எந்தப் படம் என்றே நினைவுக்கு வராது.

சோர்வைப் போலவே வரிசையும் தீர்ப்பைக் கெடுக்கும். பெல்ஜியத்தில் ராணி எலிசபெத் பெயரில் நடக்கும் இசைப்போட்டி உலகப் புகழ் பெற்றது. இறுதிச் சுற்றில் யார் எந்த நாளில் வாசிப்பது என்பது குலுக்கலில் தீர்மானமாகும். அதன் பல வருட முடிவுகளை எடுத்து ஆராய்ந்த ஃப்ளோரெஸ், கின்ஸ்பர்க் என்ற இரு பொருளியலாளர்கள், முதல் நாளில் வாசித்தவர்கள் மேலிடம் பிடிக்கும் வாய்ப்பு குறைவாக இருந்ததை 1996-இல் எழுதினார்கள். குலுக்கலில் வந்த நாளுக்கும் வாசிப்பின் தரத்துக்கும் என்ன சம்பந்தம்? தேர்ந்த இசை நடுவர்களுக்கே அப்படியென்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம். முதல் நான்கைந்து படங்களுக்கு நாம் கையை இறுக்கிக்கொண்டு மதிப்பெண் போடுவோம், இன்னும் நல்லது வரும் என்ற எண்ணத்தில். அதனால் எல்லாம் பார்த்து முடித்த பிறகு முதல் நாள் படங்களை மறுபடி பார்ப்பேன். நடத்துபவர்கள் ஒவ்வொரு நடுவருக்கும் வேறு வேறு வரிசையில் பட்டியல் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதற்குச் செலவே இல்லை.

ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம் எழுந்து நடங்கள். அடிதடிப் படம் முடிந்த கையோடு மெதுவான படத்தைத் திறந்தால், அது மெதுவாக இருக்கிறதா அல்லது நம் காதில் இன்னும் முந்தைய படம் ஓடுகிறதா என்று சொல்ல முடியாது.

அப்புறம், கருத்துக்கு மதிப்பெண் போடும் பழக்கம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் வாதாடியிருக்கிறேன். ‘இந்த விஷயத்தை எடுத்துப் பேசியிருக்கிறார்களே, அதற்காகவாவது கொடுக்கலாம்’ என்று நடுவர் அறையில் யாராவது ஒருவர் சொல்லாத விழா இல்லை. விஷயம் பெரியது, சரி. படம் என்ன செய்தது? ஒரே விழாவுக்கு, வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமிகளைப் பற்றி இரண்டு படங்கள் வந்திருந்தன. ஒன்றில் சிறுமி பாத்திரம் துலக்கிக்கொண்டே கேமராவைப் பார்க்கிறாள், வயலின் அழுகிறது, கடைசியில் கறுப்புத் திரையில் புள்ளிவிவரம். இன்னொன்றில் அந்த வீட்டுக் குழந்தையின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வருடம் எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் சிறுமி அந்த நிலையில் முதுகைச் சாய்த்து நிற்கிறாள், தலைக்கு மேல் கையை வைத்து அளந்து, திரும்பி, விரல் நகத்தால் கீறுகிறாள். பென்சில் இல்லை. யாரும் உற்றுப் பார்க்காவிட்டால் தெரியாத கீறல். அதோடு படம் முடிகிறது. முதல் படம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னது. இரண்டாவது படத்துக்குப் பிறகு கதவு நிலைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவள் ஞாபகம் வருகிறது. விருது முதல் படத்துக்குப் போனது. அன்று நான் இன்னும் அழுத்திப் பேசியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

கேமராவின் தரத்தில் மயங்குவதும் இந்த வகைதான். டிரோன் ஷாட் ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். போனில் எடுத்த படத்தில் ஒரு ஷாட் சரியான இடத்தில் வெட்டப்பட்டிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடுவர் அறைக்கு வருவோம். பேச ஆரம்பிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் முதல் மூன்று படங்களைக் காகிதத்தில் எழுதிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். அனுபவத்தில் மூத்தவர் கடைசியாகப் பேச வேண்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தங்கள் கருத்தை விழுங்கிவிடுவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

மதிப்பெண்ணைக் கூட்டிப் பரிசு கொடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐந்து நடுவர்கள். ஒரு படத்துக்கு ஐவரும் ஆளுக்கு 7 போடுகிறார்கள், மொத்தம் 35. இன்னொரு படத்துக்கு 10, 9, 9, 3, 3. மொத்தம் 34. ஐவரில் மூவருக்கு இரண்டாவது படம்தான் மேல், ஆனாலும் யாரையும் தொந்தரவு செய்யாத முதல் படம் ஜெயித்துவிடும். சரி, கையைத் தூக்கி ஓட்டுப் போடலாம் என்றால் அதிலும் சிக்கல். மூன்று நடுவர்கள், மூன்று படங்கள். முதலாமவருக்குப் பிடித்த வரிசை க, ச, த. இரண்டாமவருக்கு ச, த, க. மூன்றாமவருக்கு த, க, ச. இரண்டிரண்டாக ஓட்டுக்கு விட்டால் ‘க’ ‘ச’வை ஜெயிக்கும், ‘ச’ ‘த’வை ஜெயிக்கும், ‘த’ ‘க’வை ஜெயிக்கும். சுற்றிச் சுற்றி வருமே தவிர, ஜெயித்த படம் என்று ஒன்று இருக்காது. பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785-லேயே இதை எழுதிவிட்டார். எல்லாச் சிக்கலையும் தீர்க்கும் முறை என்று ஒன்று இல்லை. ஆனால் எந்த முறை என்பதைப் படங்களைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பார்த்த பிறகு முடிவு செய்தால், தனக்குப் பிடித்த படம் ஜெயிக்கும் முறையைத்தான் ஒவ்வொருவரும் கேட்பார்கள்.

போட்டியில் உங்கள் மாணவரோ, கூட வேலை செய்தவரோ, சொந்தக்காரரோ இருந்தால் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சின்போது அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வாயை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது போதாது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றவர்களால் மனம் விட்டுப் பேச முடியாது.

படம் எடுப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் எவ்வளவு சொன்னாலும் உங்கள் படத்தைச் சிலர் லேப்டாப் ஸ்பீக்கரில்தான் பார்க்கப்போகிறார்கள். அனுப்பும் முன் ஒரு தடவை அப்படியும் ஓட்டிக் கேளுங்கள். வசனத்தைப் பின்னணி இசை அமுக்கினால் இசையைக் குறையுங்கள். சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம், வெள்ளைச் சுவரின் மேல் வெள்ளை எழுத்து வேண்டாம், கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு நிமிடப் படத்துக்கு முன்னால் ஒன்றரை நிமிடம் லோகோவும் நன்றி அறிவிப்பும் ஓடவிடாதீர்கள், அவற்றைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். இன்னொருவர் பாட்டைப் பயன்படுத்தியிருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தேர்வான படம் ஒன்று இந்தக் காரணத்தாலேயே திரையிடலுக்கு முந்தைய வாரம் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். இணையத்தில் பொதுவில் வெளியிடும் முன்பு நீங்கள் குறிவைத்திருக்கும் விழாக்களின் விதிகளைப் படியுங்கள், சில விழாக்கள் ஏற்கெனவே வெளியான படத்தை ஏற்காது.

மாதந்தோறும் விருது கொடுக்கும் ‘விழா’க்கள் விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். பத்துப் பதினைந்து பிரிவுகள், பிரிவுக்கு ஒரு கட்டணம், ஜெயித்த பிறகு சான்றிதழுக்குத் தனிக் கட்டணம். படம் எந்தத் திரையிலும் ஓடியிருக்காது. பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த அரங்கில் திரையிடுவீர்கள்? நடுவர்கள் யார்? போன வருடம் ஓடிய படங்களின் பட்டியல் எங்கே? பதில் வராவிட்டால் அந்தப் பணத்தை ஒலிக்கலவைக்குச் செலவழியுங்கள்.

கடைசியாக, மறுபடியும் நடுவர்களுக்கு. தேர்வாகாத படங்களுக்குப் போகும் மின்னஞ்சலில் எனக்கு ஒதுக்கியவற்றுக்கு மட்டும் இரண்டு வரி சேர்க்க அனுமதி கேட்பேன். பாராட்டும் இல்லை, ஆறுதலும் இல்லை. படத்தைப் பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய இரண்டு வரிகள். போன தடவை ஒரு மாணவிக்கு எழுதியது இது: “ஆறாவது நிமிடத்தில் அம்மா கதவைத் திறக்காமல் நிற்கும் ஷாட்டை ஏன் அவ்வளவு சீக்கிரம் வெட்டினீர்கள்? அங்கே அவர் கை தாழ்ப்பாளை நோக்கிப் போக ஆரம்பிக்கிறது, அது முடியும் வரை நான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.”