பழைய கோஷ்டிக்குப் புதுக் கைகள்: ஆள் தெரிவில் இருக்கும் ஒலியியல்

நாற்பது வருடம் மேடை கண்ட றொக் கோஷ்டி ஒன்று திரும்பவும் சேரப்போகிறது என்றால், யாழ்ப்பாணத்தில் முதல் விசாரிப்பு "நல்ல ட்றம்மர் ஆர் இருக்கினம், கீபோட்டுக்கு ஆர்?" என்பதாகத்தான் இருக்கும். அது பின்னுக்கு வரவேண்டிய கேள்வி. முதலில் பாடகரை ஒரு கீபோட்டுக்குப் பக்கத்தில் இருத்தி, அவருடைய தொண்டை இன்றைக்கு எந்தச் சுரம் வரை போகிறது என்று பார்க்கவேண்டும். அறுபது தாண்டிய குரல்வளையில் கசியிழையங்கள் இறுகியிருக்கும். குரல் நாண்களின் தசை மெலிந்து, இரண்டும் முழுதாக மூடாமல் நடுவே காற்றுக் கசியும். முதலில் போவது மேல் சுரங்கள்தான். பாடத் தொடங்கியதும் எட்டுகிற சுரத்தை நம்பவேண்டாம். இரண்டு மணித்தியாலம் பாடிய பிறகும் எட்டுகிறதே, அதுதான் கணக்கு.

பெரும்பாலும் பாட்டின் சுருதியை இரண்டு அரைச்சுரம், அதாவது கீபோட்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டை, இறக்கினால் பாடகர் தப்பிவிடுவார். ஆனால் அந்த இறக்கம் மற்ற எல்லோரையும் தொடும். கிற்றார்க் கம்பியின் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது, அதன் இழுவையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவது. இரண்டு அரைச்சுரம் இறங்கினால் மீடிறன் 0.891 மடங்காகும். இழுவை அதன் வர்க்கம், 0.794 மடங்கு. அதாவது கம்பி ஐந்தில் ஒரு பங்கு தளர்ந்துவிடும். நாற்பது வருடம் ஒரே பலத்தில் அழுத்திப் பழகிய விரல், தளர்ந்த கம்பியைத் தேவைக்கு மேல் இழுத்துவிடும். சுரம் ஏறும். "அண்ணைக்குக் கை போயிட்டுது" என்று ஊர் சொல்லும், ஆனால் குற்றம் கம்பியில். முதல் கம்பியை 0.010 அங்குலத்திலிருந்து 0.011க்கு மாற்றிப் பாருங்கள். விட்டம் 1.1 மடங்கு என்பதால் நீள அலகுக்கான திணிவு 1.21 மடங்காகிறது. 1.21ஐ 0.794ஆல் பெருக்கினால் 0.96. இழுவை கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆறு கம்பியையும் இப்படி ஒரு பருமன் ஏற்றி, கழுத்தின் வளைவையும் கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் உயரத்தையும் திரும்பச் சரிசெய்தால் விரல் பழைய கிற்றாரையே உணரும்.

பேஸ் கிற்றாரில்தான் ஆள் தெரிவு தொடங்குகிறது. நாலு கம்பிப் பேஸின் அடிச்சுரம் ஈ, 41.2 ஹேர்ட்ஸ். பாட்டு டீக்கு இறங்கினால் 36.7 ஹேர்ட்ஸ் வேண்டும். கம்பியைத் தளர்த்தி எட்டலாம், ஆனால் சுரம் கூழாகும். பாட்டை ஓர் எட்டுச்சுரம் மேலே தூக்கி வாசிக்கலாம், ஆனால் பாட்டுக்கு அடித்தளம் போய்விடும். ஆகவே அடியில் 30.9 ஹேர்ட்ஸ் பீ வரை போகும் ஐந்து கம்பிப் பேஸ் பழகியவராகத் தேடுவது நல்லது. அதோடு அவர் கம்பியை எந்த இடத்தில் தட்டுகிறார் என்றும் பாருங்கள். வாடகைக்கு வரும் ஸ்பீக்கர் பெட்டிகளில் பல 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதிகம் தருவதில்லை. 36.7 ஹேர்ட்ஸ் சுரத்தின் அடி அதிர்வு வெளியே வராது. அதன் மேற்சுரங்களான 73, 110, 147 ஹேர்ட்ஸ் மட்டுமே வரும். மனித மூளை அந்த இடைவெளிகளைப் பார்த்து, இல்லாத அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக் கேட்டுக்கொள்ளும். அதற்கு மேற்சுரங்கள் தெளிவாக இருக்கவேண்டும். பாலத்துக்குக் கிட்டத் தட்டுபவரின் வாசிப்பில் அவை தெளிவாக இருக்கும். கழுத்துப் பக்கம் மெத்தென்று தட்டுபவர் ஒலிப்பதிவு அறையில் சொர்க்கம், முற்றவெளியில் காணாமல் போவார்.

பேஸையும் ட்றம்ஸையும் தனித்தனியாகத் தெரிவு செய்வது பொதுவான பிழை. அவர்கள் இருவரும் சேர்ந்தே ஒரு வாத்தியம். 1990களின் தொடக்கத்தில் பேஸ்காரர் பில் வைமன் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பழைய றொக் கோஷ்டியை விட்டு விலகியபோது, புதிய பேஸ்காரரைத் தெரிவு செய்யும் பொறுப்பு ட்றம்மர் சார்லி வாட்ஸிடமே விடப்பட்டது. வாட்ஸ் ஜாஸில் ஊறியவர். வந்த டரில் ஜோன்ஸ், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸுடன் வாசித்தவர். 2021இல் வாட்ஸ் மறைவதற்குச் சற்று முன் நோயால் ஒதுங்கியபோது அவருடைய ஆசனத்துக்கு வந்த ஸ்டீவ் ஜோர்டன், அந்தக் கோஷ்டியின் கிற்றார்காரர் கீத் ரிச்சர்ட்ஸுடன் 1980களிலேயே வாசித்துப் பழகியவர். இரண்டு முறையும் ஆள் வந்தது கைவேகத்துக்காக மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவரோடு கால அளவு ஒத்துப்போவதற்காகவும்தான்.

அந்தக் கால அளவை அளக்கலாம். ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் போதும். கோஷ்டியின் பழைய கசெற்றிலிருந்து ஒரு பாட்டை ஏற்றுங்கள். முதலில் சுருதியைக் கீபோட்டுடன் ஒப்பிடுங்கள், ஏனென்றால் கசெற் செட்டின் மோட்டார் ஒரு வீதம் வேகமாக ஓடினாலே சுருதியும் தாளமும் சேர்ந்து ஒரு வீதம் ஏறியிருக்கும். அதைச் சரிசெய்த பிறகு எட்டுத் தாளவட்டத்தைப் பெரிதாக்கி, ஒவ்வோர் அடிக்கும் இடையிலான நேரத்தை மில்லிசெக்கனில் எழுதுங்கள். 60,000ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது வரும். 500 மில்லிசெக்கன் என்றால் 120, 476 என்றால் 126. சரணத்தில் 120இல் போய், பல்லவி திரும்பும்போது 126க்கு ஏறுகிற கோஷ்டிகள் உண்டு. அது குறையல்ல, அந்தப் பாட்டின் மூச்சு. அதை 120இல் பூட்டிய கிளிக் சத்தத்துக்கு, அதாவது காதுக்குள் அடியை எண்ணிக்கொண்டிருக்கும் சத்தத்துக்கு, வாசிக்கவைத்தால் பாட்டு செத்துவிடும். கிளிக் கட்டாயம் வேண்டுமென்றால், பழைய பதிவில் அளந்த ஏற்ற இறக்கத்தோடே கிளிக்கைச் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, காலால் அடிக்கும் பெரிய கிக் ட்றம்மும் பேஸும் தொடங்கும் புள்ளிகளுக்கு இடையிலான தூரம். இரண்டு சத்தங்களில் எது முந்தியது என்று சொல்ல மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20 மில்லிசெக்கன் இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் வரிசை தெரியாது, ஆனால் "இழுக்குது", "தள்ளுது" என்று உடம்பு சொல்லும். பழைய பதிவில் பேஸ் வழக்கமாகப் 15 மில்லிசெக்கன் பிந்தி வந்தால், புதியவரின் ஒத்திகைப் பதிவிலும் அந்தப் பிந்தல் மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். ஒருமுறை 15, ஒருமுறை 3, ஒருமுறை 22 என்றால் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தக் கோஷ்டிக்கு உரியவர் அல்ல.

நம்மூர்க் கோஷ்டிகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிப் பரப்பிய பொப் பாட்டுக் காலத்தில் வளர்ந்தவர்களின் கையில் பைலா என்ற இலங்கை ஆட்டப் பாட்டின் ஆறெட்டுத் தாளம் ஊறியிருக்கும். அவர்கள் றொக் வாசித்தாலும் அது எட்டிப் பார்க்கும். அடிக்கு 500 மில்லிசெக்கன் என்றால், மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் 167. பழைய கைகள் அந்த மூன்றையும் சமமாக வைப்பது அரிது. கணினியில் பழகிய இளம் ட்றம்மர் சமமாகவே வைப்பார். சுரமும் சரி, தாளமும் சரி, ஆனால் விளையாட்டுப் போட்டி அணிநடை மாதிரி இருக்கும். கீபோட்டுக்குள் இருக்கும் ஆயத்தத் தாளங்களும் இதே ரகம்.

கீபோட்காரரைத் தெரிவு செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். உரத்த தாழ்ந்த ஓசை தனக்கு மேலுள்ள மீடிறன்களைக் காதுக்குள்ளேயே மறைத்துவிடும் இயல்புடையது. தனியாக வாசித்துப் பழகியவர் இடது கையால் பேஸின் இடத்தை நிரப்புவார். உடனே பேஸ் கலங்கும், அதன் மேல் பாடகரின் சொற்களும் மங்கும். சொல்லின் தெளிவு பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையில்தான் இருக்கிறது. மெலிந்த குரலுக்கு அந்த இடத்தில் போட்டியே கூடாது. கை நிறைய வாசிப்பவரை விட, எங்கே வாசிக்காமல் இருப்பது என்று தெரிந்தவருக்கே சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கலாம்.

பின்னணிக் குரலுக்கு யாழ்ப்பாணத்தில் ஆள் பஞ்சம் இல்லை. மருதனார்மடத்தில் கர்நாடக சங்கீதம் படித்து வெளியேறும் இளையோர் இருக்கிறார்கள். நல்ல செவி, நல்ல சாதகம். ஆனாலும் முதல் ஒத்திகையில் ஒரு நடுக்கம் கேட்கும். காரணம் கணக்கில் இருக்கிறது. தம்புராவோடு பழகிய தொண்டை அந்தர காந்தாரத்தை ஆதார சுருதியின் ஐந்துக்கு நான்கு விகிதத்தில் வைக்கும். ஆதாரம் 440 ஹேர்ட்ஸ் என்றால் காந்தாரம் 550. கிற்றாரின் கட்டைகளும் கீபோட்டும் அதே சுரத்தை 554.4இல் வைத்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் செக்கனுக்கு நாலு தடவைக்கு மேல் ஒலி ஏறி இறங்கும். பாடியவரும் பிழையில்லை, கிற்றாரும் பிழையில்லை. ஒத்திகையில் தம்புராப் பெட்டியை நிறுத்திவிட்டு, கீபோட்டில் காந்தாரத்தை மட்டும் நீட்டிப் பிடித்து, கமகம் இல்லாமல் அதன் மேல் நிற்கப் பழக்கினால் சில நாளில் வசப்படும். ஒலிவாங்கி இல்லாமல் மண்டபம் நிரப்பும் கணீர்க் குரல் இந்த வேலைக்கு ஆகாது. அதில் 3000 ஹேர்ட்ஸ் அண்மையில் செறிவு கூட. மூத்த பாடகரை அது விழுங்கிவிடும்.

மேடையில் ஆட்களை வைக்கும் தூரத்தையும் இப்போதே யோசியுங்கள். 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். மீற்றருக்கு 2.9 மில்லிசெக்கன். எட்டு மீற்றர் தள்ளி நிற்பவருக்கு ட்றம்ஸ் 23 மில்லிசெக்கன் பிந்திக் கேட்கும். பேஸ்காரரை ட்றம்ஸுக்கு இரண்டு மீற்றருக்குள் நிறுத்துங்கள். ஆட்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிதறிக் கிடக்கும் கோஷ்டிகள் இணையவழி ஒத்திகை பற்றிக் கேட்பதுண்டு. லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் 8000 கிலோமீற்றருக்கு மேல். ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். ஆகவே ஒரு வழிக்கே 40 மில்லிசெக்கன் குறையாது. எந்த நிறுவனத்தின் இணைப்பாலும் இதை வெல்ல முடியாது. தனித்தனியாகப் பதிந்து அனுப்பலாம், சேர்ந்து வாசிக்க முடியாது.

இனித் தயாரிப்பாளர். தயாரிப்பாளர் என்றால் காசு போடுபவர் என்று நினைப்பது சினிமாவால் வந்த பழக்கம். இசையில் அவர் பாட்டைத் தெரிவு செய்பவர், சுருதியையும் வேகத்தையும் முடிவு செய்பவர், "இது காணாது, திரும்ப எடுப்பம்" என்று மூத்தவர்களுக்கு முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். அவர் வேண்டியதற்கு உடலியல் காரணமும் உண்டு. 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் என்பது காதுக்கு ஏற்ற எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். ட்றம்ஸுக்குப் பக்கத்தில் நாற்பது வருடம் நின்றவரின் காதில் 4000 ஹேர்ட்ஸ் அண்மையில் பள்ளம் விழுந்திருக்கும், அதற்கு மேல் வயதும் தன் பங்கை எடுத்திருக்கும். அவருக்குச் சிம்பல் மங்கலாகக் கேட்கும், ஏற்றச் சொல்வார். கிற்றாரின் கூர்மையையும் ஏற்றுவார். கேட்பவர்களுக்குப் பல் கூசும். கோஷ்டிக்காரர் எவரும் இதைக் கண்டுபிடிக்கமாட்டார்கள், ஏனென்றால் எல்லோருடைய காதிலும் அதே பள்ளம். எனவே தயாரிப்பாளரின் செவிப் பரிசோதனைத் தாளைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

தயாரிப்பாளர்களில் இரண்டு வகையைத் தெளிவாகக் காணலாம். ரிக் ரூபின் 1994இல் மூத்த அமெரிக்கப் பாடகர் ஜொனி காஷை அநேகமாக ஒரு குரல், ஒரு கிற்றார் என்ற அளவுக்கு உரித்து வைத்தார். 2013இல் பிளாக் சபாத் என்ற பழைய றொக் கோஷ்டிக்கும் அவர்தான் தயாரிப்பாளர். அங்கே ட்றம்ஸுக்கு வந்தவர் வேறொரு தலைமுறையின் பிராட் வில்க். மற்ற வகை, அந்தக் கோஷ்டியைக் கேட்டே வளர்ந்த இளையவர். ரோலிங் ஸ்டோன்ஸின் 2023 அல்பத்தைத் தயாரித்த ஆண்ட்ரூ வாட், அந்தக் கோஷ்டி தொடங்கிப் பல வருடம் கழித்துப் பிறந்தவர். இரண்டாவது வகை உற்சாகம் தரும், ஆனால் பழையதை அப்படியே திரும்பச் செய்யும் ஆசையும் கூடவே வரும். மறுக்கத் தெரியாத இரசிகர் தயாரிப்பாளராக வந்தால் காசும் போகும், நட்பும் போகும்.

சோதிக்க ஒரு பாட்டு போதும். ஒத்திகையில் முதல் நாள் முழுவதும் அவரைப் பேசாமல் இருந்து கேட்கச் சொல்லுங்கள். இரண்டாம் நாள் அவர் சொல்லும் மாற்றங்களை எழுதுங்கள். சேர்க்கச் சொன்னவை எத்தனை, நீக்கச் சொன்னவை எத்தனை என்று எண்ணுங்கள். ஆறு புது வாத்தியம் கேட்பவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பலாம். கலவை செய்யும்போது 80 டெசிபெல் அளவில் கேட்கிறாரா என்றும் பாருங்கள். சத்தத்தைக் கூட்டினால் காதுக்குத் தாழ்ந்த ஓசை இயல்பாகவே கூடத் தெரியும், அதனால் உரத்துக் கேட்டுச் செய்த கலவை வீட்டு வானொலியில் மெலிந்துபோகும்.

முதல் நாளுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டியது பதிவுக் கோப்புகள் யாருடையவை என்பதை. பல மனக்கசப்புகள் இதில்தான் தொடங்குகின்றன. 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற்றில் நாலு நிமிடப் பாட்டின் ஒரு தடம் ஏறத்தாழ 35 மெகாபைற். பதினாறு தடம் என்றால் 553. பத்துப் பாட்டு, ஒவ்வொன்றையும் ஐந்து தடவை எடுத்தால் 28 ஜிகாபைற்றுக்குக் கிட்ட. இரண்டு வன்தட்டு வாங்குங்கள். ஒன்று தயாரிப்பாளரிடம், மற்றது கோஷ்டியிடம். ஒவ்வொரு நாளும் பதிவு முடிந்து ஆட்கள் வெளிக்கிட முன்னரே இரண்டிலும் ஏற்றி, கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மின்சாரத்தை நிறுத்தவேண்டும்.