கலர் போய்விட்டது, உப்பு போகவில்லை

தண்ணீர்ப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் பாட்டிலை நீட்டும்போதே தீர்ப்பையும் சேர்த்து நீட்டிவிடுவார்கள். கலங்கலாக இருந்தால் "கெட்டுப்போச்சுங்க". தெளிவாக இருந்தால் "நல்ல தண்ணிதானுங்க, பேருக்கு ஒரு ரிப்போர்ட் வேணும்". நொய்யல் படுகையில் இந்த வேலை பார்க்கும் எனக்கு இரண்டாவது ரகத்தைக் கண்டால்தான் பயம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைச்சரிவில் தொடங்கி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மலையடிவாரத்தில் அதன் தண்ணீரில் கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., மிகக் குறைவு. கோவைக்குள் நுழைந்ததும் சாக்கடை சேர்கிறது. அம்மோனியா, கோலிஃபார்ம் கிருமிகள், நுரை எல்லாம் அங்கிருந்து ஆரம்பம். மோசம்தான். ஆனால் காற்றும் நேரமும் கிடைத்தால், மேற்கொண்டு அழுக்கு சேராமல் இருந்தால், ஆற்றிலுள்ள நுண்ணுயிரிகளே அதில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்துவிடும். உப்பைத் தின்னும் கிருமி எதுவும் கிடையாது.

திருப்பூரில் சேர்ந்தது அந்த உப்புதான். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீரில் நூலுக்கும் சாயத்துக்கும் ஒரே மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். அந்த விலக்கத்தை அடக்கிச் சாயத்தை நூலுக்குள் அனுப்பத்தான் உப்பைக் கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலேயே போகும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பைத் தொடாது. போட்ட உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வரும்.

1990-களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டுச் சாயத்தைப் படியவைத்தார்கள். நிறம் நன்றாகவே குறைந்தது. உப்பு அப்படியே இருந்தது. பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் சுத்தமாகிவிட்டது போலத் தெரிந்ததுதான் இதில் வினை.

அந்தத் தண்ணீர் நொய்யலில் கீழே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. 1992-இல் பாசனத்துக்காகத் திறந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தொட்டியானது. அணையில் தண்ணீரே தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே நீதிமன்றம் போனார்கள். பாசன அணைக்கு இதைவிட அவமானம் என்ன இருக்கிறது? கடைசியில் 2011 ஜனவரியில், சாய, சலவைப் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல், உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் இயந்திரமும் வைத்துத் தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கும் முறைக்கு மாறிய பிறகே பட்டறைகள் மறுபடி ஓடின. செலவு பிடித்த மாற்றம், ஆனால் உருப்படியான மாற்றம். மழை பெய்கிற இரவுகளில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறார்கள் என்ற புகார் மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

ஏற்கெனவே மண்ணிலும் பாறை இடுக்கிலும் இறங்கிய உப்புக்கு நீதிமன்ற உத்தரவு தெரியாது. ஆற்றோரத் தோட்டத்துக்காரர் ஒருவர் குளிர்பான பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். "பாருங்க, பளிங்காட்டம் இருக்குதுங்க. ஆனா வெங்காயம் வெச்சா நுனி கருகுதுங்க, மண்ணும் கல்லாட்டம் இறுகிப்போகுது." உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்து திறனைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. டி.டி.எஸ். லிட்டருக்கு 3,000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது, குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அளவு 500, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000. அதிலும் பெரும்பங்கு சோடியம். சோடியம் மிகுந்தால் களிமண் துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். மேலே விட்ட தண்ணீர் உள்ளே இறங்காது. அவருடைய மண் இறுகியது அதனால்தான். தென்னை கொஞ்சம் தாங்கும், வெங்காயம் தாங்காது.

சரி, எல்லாப் பழியையும் சாயப்பட்டறை மேல் போட்டுவிடலாமா? பட்டறையே இல்லாத கிராமங்களிலிருந்து வரும் தண்ணீரில் நைட்ரேட் நிற்கிறது. தரநிலை லிட்டருக்கு 45 மில்லிகிராம். யூரியாவை அள்ளிப் போட்டு, மேலே வாய்க்கால் நிறையத் தண்ணீர் கட்டினால் பயிர் எடுத்தது போக மிச்சம் கிணற்றுக்குத்தான் போகும். நைட்ரேட்டோடு, மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமியும் சேர்ந்து வந்தால் என் சந்தேகம் முதலில் செப்டிக் டேங்க் மேல், அடுத்து மாட்டுக்கொட்டகை மேல். அடியில் தளம் போடாமல் கட்டிய "செப்டிக் டேங்க்" உண்மையில் உறிஞ்சுகுழிதான். அது நிறையவே இல்லை என்று பெருமைப்படுகிறவர்களிடம், உங்கள் போர்வெல் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கேட்பேன். பதில் வர நேரமாகும்.

பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் கடைகளில் கிடைக்கிறதே, அது உப்பின் மொத்தத்தை மட்டும் சொல்லும். சாக்கடை கலந்த தண்ணீரிலும் அது 300 காட்டலாம். கிருமி அதற்குத் தெரியாது, நைட்ரேட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டவும் முடியாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு ஏறும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருக்கிற வீட்டில் இதை அவசியம் கவனிக்க வேண்டும். நைட்ரேட் மிகுந்தால் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும்.

பரிசோதனைக்குக் கொண்டுவருவதானால், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டியிலிருந்து எடுக்காமல் நேரடியாகப் பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு, பரிசோதனைக் கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் தருவார்கள். அதை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கோடைக் கடைசியில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை பார்த்தால் நல்லது. மழைக்குப் பின் உப்பு குறைந்து நைட்ரேட் ஏறியிருந்தால், மேலேயிருக்கும் வயலும் கக்கூஸும் கிணற்றுக்குள் வடிகின்றன என்று சந்தேகப்படலாம். அப்புறம், வீட்டு ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீரை மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குள் விடாதீர்கள். குடிக்காமல் ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.