திகில் வரைகதை: ஒரு சொல் விளக்கம்

‘ஒரு சிற்றூரைக் களமாகக் கொண்ட, வயது வந்தோருக்கான திகில் நகைச்சுவைத் தொடர்.’ அண்மையில் ஒரு நூலறிமுகம் இப்படித் தொடங்கியது. இதைப் படிக்கும் தமிழ் வாசகர் எதை எதிர்பார்ப்பார்? ஒரு கிராமம், அங்கே ஒரு பேய், அதைக் கண்டு அலறி ஓடும் நான்கு பேர், இடையிடையே கொஞ்சம் விரசப் பேச்சு. இவையெல்லாம் தொலைக்காட்சியில் வாரந்தோறும் வரும் என்றுதான் எண்ணுவார். மூலத்திலோ சிரிப்புக்கு இடமே இல்லை. அது ஓவியங்களால் சொல்லப்பட்ட, இரத்தமும் துயரமும் நிறைந்த, சிறுவர் கையில் கொடுக்கக் கூடாத கதை. ஆங்கிலத்தில் ‘ஹாரர் காமிக்’ என்று இருந்ததைக் கண்ட மொழிபெயர்ப்பாளர், ‘காமிக்’ என்றால் நகைச்சுவை என்று அகராதி சொன்னதை அப்படியே எடுத்து வைத்துவிட்டார். நூலறிமுகங்களிலும், திரைத் தழுவல் பற்றிய செய்திகளிலும், இணைய நூற்கடைகளின் வகைப் பட்டியல்களிலும் இந்தப் பிழையைப் பலமுறை கண்டு பொறுத்திருக்கிறேன். இனியும் பொறுப்பது சொல்லுக்கு நல்லதன்று.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் ‘கோமோஸ்’ என்பது ஆடிப்பாடிச் செல்லும் களியாட்டக் கூட்டம். அதிலிருந்து ‘கோமிகோஸ்’, பிறகு இலத்தீனின் ‘கோமிகுஸ்’, பிறகு ஆங்கிலத்தின் ‘காமிக்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாளேடுகள் தம் ஞாயிறு இணைப்புகளில் வேடிக்கைப் படத்தொடர்களை அச்சிட்டன. வேடிக்கையாக இருந்தமையால் அவை ‘காமிக்ஸ்’ ஆயின. 1930களில் துப்பறிவாளர்களும், 1938இல் சூப்பர்மேனும் அந்தக் கட்டங்களுக்குள் குடியேறினார்கள். உள்ளடக்கம் மாறியது; பெயர் அப்படியே நின்றது. அன்று முதல் அச்சொல் ஒரு சுவையின் பெயராக இல்லாமல் ஒரு வடிவத்தின் பெயராகவே வழங்கி வருகிறது.

இதற்குச் சான்று வேண்டுவோர் 1954ஆம் ஆண்டைப் பார்க்கலாம். அந்த ஆண்டு அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் கூடித் தமக்குத் தாமே ஒரு நெறிமுறையை விதித்துக்கொண்டார்கள். திகிலையும் பேரச்சத்தையும் குறிக்கும் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்னும் இரு சொற்களும் எந்தக் காமிக்ஸ் இதழின் தலைப்பிலும் வரக்கூடாது என்பது அதில் ஒரு விதி. நடமாடும் பிணங்கள், இரத்தக் காட்டேரிகள், ஓநாய் மனிதர்கள் ஆகியவற்றுக்கும் தடை. ‘காமிக்’ என்றாலே நகைச்சுவைதான் என்றால், அதற்குள் திகில் வரக்கூடாது என்று ஒரு விதியை எழுத வேண்டிய தேவை யாருக்கு இருந்திருக்கும்?

அந்த நெறிமுறையை நடைமுறைப்படுத்திய சங்கத்தின் தலைவராக இருந்தவர் ஜான் கோல்ட்வாட்டர். ரிவர்டேல் என்னும் கற்பனைச் சிறுநகரில் வாழும் ஆர்ச்சி என்ற பள்ளி மாணவனின் குறும்புகளை 1941 முதல் வெளியிட்டு வந்த நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரும் அவரே. அந்த நிறுவனம் 2011இல் நெறிமுறையைக் கைவிட்டு, 2013இல் ‘ஆஃப்டர்லைஃப் வித் ஆர்ச்சி’ என்ற புதிய தொடரை, சிறுவருக்கு உரியதன்று என்ற தரக்குறிப்புடன் தொடங்கியது. அதன் முதல் இதழில், வண்டியில் அடிபட்டு இறந்த தன் நாயைக் கைகளில் ஏந்தியபடி ஆர்ச்சியின் தோழன் ஜக்ஹெட், சூனியக்காரிச் சிறுமி சப்ரினாவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். பக்கமெங்கும் கருமையும் செம்மஞ்சளும் மட்டுமே மேலோங்கியிருக்கின்றன. எழுபது ஆண்டுகளாக எந்த முகத்தைக் கண்டதும் வாசகர் சிரித்தார்களோ, அதே முகம் நாயை உயிர்ப்பிக்கும்படி கெஞ்சுகிறது. நாய் திரும்பி வருகிறது, அவனைக் கடிக்கிறது, அவன் வழியாக ஊரே பிணங்களின் ஊராகிறது. அதே ஊர், அதே மாந்தர், அதே நிறுவனம், முன்னது சிரிக்க வைப்பது, பின்னது உறைய வைப்பது, இரண்டுமே காமிக்ஸ். பின்னதை ‘நகைச்சுவை’ என்று மொழிபெயர்ப்பவர் அதன் ஒரு பக்கத்தையாவது புரட்டிப் பார்த்தாரா என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்தக் குழப்பம் நேர நியாயமே இல்லை. சுவைகளைப் பகுத்துப் பெயரிட்ட மொழி இது. தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் நகை முதலாவது, அச்சம் ஐந்தாவது. அச்சம் எதனால் பிறக்கும் என்பதையும் அது நான்காகப் பிரித்துச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இன்றைய சிறுநகரத் திகில் கதைகளைத் திறந்து பார்த்தால் இந்நான்கும் அப்படியே நிற்பதைக் காணலாம்: காட்டோரத்து ஆவி, இரவில் வரும் மிருகம், அண்டை வீட்டில் ஒளிந்திருக்கும் கொலைகாரன், ஊரை அடக்கி ஆளும் அதிகாரி. இவ்வளவு துல்லியமான கருவி கையில் இருக்கும்போது அச்சத்தின் மேல் நகையின் பெயர்ப்பலகையை மாட்டுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. போதாக்குறைக்கு, ‘திகில் நகைச்சுவை’ என்பது பேயையும் சிரிப்பையும் கலந்து தரும் ஒரு தனி வகையின் பெயராகத் தமிழில் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. ஆகவே இந்த மொழிபெயர்ப்பு பொருளற்ற சொல்லாக நின்றுவிடாமல், தவறான பொருளைத் தெளிவாகவே தருகிறது.

நம் வாசகர்கள் ஒருபோதும் இத்தவறைச் செய்ததில்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தபோது, வாங்கிய எந்தச் சிறுவனும் ‘இதில் சிரிப்பே இல்லையே’ என்று குறைப்பட்டுக்கொள்ளவில்லை. தமிழில் ‘காமிக்ஸ்’ என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக, ‘ஒரு காமிக்ஸ்’, ‘நாலு காமிக்ஸ்’ என்று வழங்கும் வடிவப் பெயர். அந்த வழக்கை அறிந்தவர்கள் ஆங்கிலத்தின் ஒருமைச் சொல்லைக் கண்டதும் தடுமாறி அகராதிக்கு ஓடுவதுதான் பிழையின் ஊற்று. பேச்சில் ‘காமிக்ஸ்’ இருக்கட்டும். அதை விரட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுத்தில் தமிழ்ச் சொல் வேண்டும் என்றால், அது எது என்பதே கேள்வி.

பலர் ‘படக்கதை’ என்பார்கள். எளிய சொல், பழகிய சொல், குழந்தைக்கும் புரியும் என்பது அவர்கள் வாதம். ஒரு காலத்தில் நானும் அதையே எழுதினேன், இப்போது எழுதுவதில்லை. ‘படம்’ என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது திரைப்படம். ‘நேற்று ஒரு படம் பார்த்தேன்’ என்பவரிடம் யார் வரைந்தது என்று எவரும் கேட்பதில்லை. எனவே ‘திகில் படக்கதை’ என்று எழுதினால், ‘திகில் படம்’ என்ற சேர்க்கை முதலில் கண்ணில் ஒட்டிக்கொள்கிறது. மீதமுள்ள ‘கதை’ அந்தத் திரைப்படத்தின் கதையாகிவிடுகிறது. இத்தகைய தொடர்கள் பல திரைக்கும் தொலைக்காட்சிக்கும் போகின்றன. ‘இந்தத் திகில் படக்கதையைப் படமாக எடுக்கிறார்கள்’ என்று ஒரு செய்தி வந்தால், படிப்பவர் எதை எதாக எடுக்கிறார்கள் என்று தெரியாமல் நிற்பார்.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. ‘படக்கதை’ என்பது ‘படங்களை உடைய கதை’ என்று விரியும். கதை ஒன்று முன்பே இருக்க, அதற்குப் படம் போட்டார்கள் என்ற எண்ணத்தை அது தருகிறது. வார இதழில் சிறுகதைக்கு மேலே ஓர் ஓவியம் இருந்தால் அதுவும் படத்தோடு கூடிய கதையே. நாம் பேசும் வடிவமோ அப்படிப்பட்டதன்று. ஒரு கட்டத்தில் கதவு மூடியிருக்கிறது; அடுத்த கட்டத்தில் அதே கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கிறது; ஒரு சொல்லும் இல்லை. இரண்டு கட்டங்களுக்கும் நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில்தான் வாசகரின் வயிறு கலங்குகிறது. அங்கே கதையே வரையப்படுகிறது. இதைச் சொல்லும் சொல் ‘வரைகதை’.

இது வினைத்தொகை. வரைந்த கதை, வரைகின்ற கதை, வரையும் கதை என மூன்று காலத்துக்கும் விரியும். மாதந்தோறும் இதழ் இதழாக வளரும் ஒரு தொடருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எது? ‘வரை’ என்றால் மலை, எல்லை என்றும் பொருள் உண்டே, குழப்பம் வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். ‘வரைபடம்’ என்ற சொல்லைப் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் எழுதுகிறார்கள். அதில் மலையைக் கண்டவர் எவரும் இல்லை. செயற்கையான சொல் என்பாரும் உளர். எல்லாக் கலைச்சொல்லும் முதல்நாள் செயற்கையாகத்தான் ஒலிக்கும். பத்து முறை எழுதினால் பழகிவிடும்.

‘சித்திரக்கதை’ மதிப்புக்குரிய சொல். ‘சித்திரம்’ வடசொல் என்ற ஒரே காரணத்தால் நான் அதைத் தள்ளவில்லை. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்ற பழமொழிக்குள்ளேயே அது குடியிருக்கிறது. ஆனால் பல்லாண்டுகளாகச் சிறுவர் இதழ்களோடு ஒட்டி வாழ்ந்ததால், வளர்ந்தோருக்கான கொடிய திகில் கதையின் மேல் அதை வைத்தால் பொருந்த மறுக்கிறது. தமிழ் வேர் கொண்ட தெளிவான சொல் அருகிலேயே இருக்கும்போது அதை எடுப்பதே முறை என்பதும் என் கருத்து. (அந்தப் பழமொழியில் சித்திரம் ‘எழுத’ வேண்டும் என்று வருவதைக் கவனியுங்கள். ‘ஓவியத்து எழுத ஒண்ணா உருவத்தாய்’ என்று கம்பனின் வாலியும் இராமனை விளிக்கிறான். எழுதுவதையும் வரைவதையும் ஒரே வினையால் சொன்ன மொழிக்கு, எழுத்தும் கோடும் ஒன்றாகும் இந்த வடிவம் அந்நியமானதாக இருக்க முடியாது.)

‘வரைகலைப் புதினம்’ என்பதை எல்லாவற்றுக்கும் ஒட்டும் வழக்கமும் இப்போது பரவுகிறது. அது முழுநீள நூலாக வரும் ஒருவகைக்கு உரிய பெயர். மாத இதழாக வரும் தொடரைப் புதினம் என்பது, காமிக்ஸ் என்ற சொல்லுக்கு மதிப்புக் குறைவு என்று எண்ணி மெருகு பூசுவதன்றி வேறில்லை.

பிற மொழியினர் இச்சிக்கலை எப்படிக் கடந்தார்கள் என்பதும் நோக்கத்தக்கது. பிரெஞ்சுக்காரர்கள் ‘வரைந்த பட்டை’ என்றார்கள். இத்தாலியர்கள் பேச்சுக் குமிழிகளைப் பார்த்து ‘புகைச்சுருள்கள்’ என்றார்கள். ஜப்பானில், காமிக்ஸுக்கு வழங்கும், விளையாட்டுத்தனம் தொனிக்கும் ‘மங்கா’ என்ற சொல் தம் இருண்ட கதைகளுக்குப் பொருந்தாது என்று கண்ட ததுமி யோஷிஹிரோ, 1957இல் ‘கெகிகா’, அதாவது ‘நாடகப் படங்கள்’ என்று வேறு பெயர் படைத்தார். சிரிப்பின் பெயரைச் சிரிப்பில்லாக் கதைக்குச் சூட்டக் கூசிய ஒரு படைப்பாளரின் செயல் அது. நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் வேண்டுவதும் அந்தக் கூச்சத்தையே.

‘ஹாரர்’ என்பதற்குத் ‘திகில்’ மிகச் சரியானது. இலத்தீன் மூலத்துக்கு மயிர் சிலிர்த்தல் என்று பொருள். திகிலும் உடம்பில் சட்டென நிகழ்வது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. ‘பயங்கரம்’ இன்று எதற்கும் அடைமொழியாகித் தேய்ந்துவிட்டது. ‘அமானுஷ்யம்’ பேய் வரும் கதைக்கு மட்டுமே பொருந்தும். கொலைகாரன் மனிதனாக இருந்தால் உதவாது.

‘வயது வந்தோர்’ என்பது கல்விக்கும் வாக்குரிமைக்கும் நன்றாகவே பொருந்தும் தொடர். ஆனால் நகைச்சுவைக்கு முன்னால் வந்தால் அது ஆபாசத்தைக் குறிப்பதாகவே கேட்கும். ‘வளர்ந்தோருக்கான’ என்பதில் அந்த நிழல் இல்லை. ‘சிற்றூர்’ நம் வழக்கில் கிராமம். இக்கதைகளின் களமோ உயர்நிலைப் பள்ளியும் தேவாலயமும் காவல் நிலையமும் ஒரே கடைத்தெருவில் அமைந்த, எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடம். ‘சிறுநகர்’ என்று எழுதினால் அந்த நெருக்கம் கெடாமல் வரும்.

ஆகவே அந்த அறிமுகத்தின் முதல் வரி ‘ஒரு சிறுநகரைக் களமாகக் கொண்ட, வளர்ந்தோருக்கான திகில் வரைகதைத் தொடர்’ என்று இருந்திருக்க வேண்டும். ‘வரைகதை’ வினைத்தொகை ஆதலால் நடுவே ஒற்று மிகாது. ‘வரைக்கதை’ என்று எழுதுவது பிழை. ‘வரைகதைத் தொடர்’ என்பதில் மட்டும் தகர ஒற்றை விடாமல் எழுத வேண்டும்.