பூட்டிக் கிடக்கும் வீடும் கூகுளுக்குத் தெரிவது எப்படி?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளின் உள்ளறைகளில் ஜிபிஎஸ் சரியாக எடுக்காது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை தரையைத் தொடும்போதே மெலிந்துபோயிருக்கும். அப்படி நான்கு செயற்கைக்கோள்களாவது போனுக்குக் கிடைத்தாக வேண்டும். வானம் தெரியும் வளவு வாசலில் நின்றால் கிடைக்கும். அறைக்குள் போனால் கனத்த சுவர் மறைத்துவிடும். ஆனாலும் மேப்பில் நீலப் புள்ளி அந்த வீட்டின் மேல்தான் நிற்கிறது.

அதற்குக் காரணம் வைஃபை. ஒவ்வொரு ரௌட்டருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளம் உண்டு. பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் அந்த அடையாளத்தை அது நொடிக்குப் பல முறை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். தெருவில் போகிறவரின் போனுக்கு அது எட்டுகிறது, இணைப்பே தேவையில்லை. வெளியில் ஜிபிஎஸ் நன்றாக எடுக்குமே! ஆகவே, எந்த இடத்தில் எந்த ரௌட்டர் எவ்வளவு வலுவாகக் கிடைத்தது என்ற குறிப்பு கூகுள் போன்ற நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது. பல போன்களின் குறிப்புகள் சேர்ந்தால் ரௌட்டர் இருக்கும் இடம் பிடிபட்டுவிடும். அப்புறம் உள்ளறையில் இருக்கும் போன், தனக்கு எட்டும் ரௌட்டர்களின் அடையாளத்தைச் சொன்னாலே போதும், இடம் தெரிந்துவிடும்.

சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, சிசிடிவி கேமராவுக்காக மட்டும் வைஃபை ஓடும் வீடுகள் இங்கே உண்டு. அந்த ரௌட்டரும் பட்டியலில் ஏறிவிடுகிறது. வீட்டுக்காரர் எங்கும் 'சம்மதம்' அழுத்தவில்லை. வழியில் போன யாரோ தன் போனில் அழுத்தியது போதுமானதாகிவிட்டது. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது. என் வீட்டுக்காக இன்னொருவர் சம்மதிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேறு பக்கம் போகலாம் என்றால் வழி குறைவு. ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா 2013-ல் தொடங்கிய இருப்பிடச் சேவையும் 2024-ல் மூடப்பட்டது.

இருக்கிற நிறுவனங்களிடமே விலக்குக் கேட்கலாம். வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு போட்டு, அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'நோமேப்' (_nomap) என்று சேர்த்தால், கூகுளும் ஆப்பிளும் அந்த ரௌட்டரைத் தங்கள் இருப்பிடச் சேவையில் பயன்படுத்துவதில்லை என்கின்றன. பெயர் மாறினால் கேமரா, டிவி எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டும் என்பதால், ஊருக்கு வந்திருக்கும்போது செய்வது நல்லது. ஆண்ட்ராய்டு போனில் இருப்பிட அமைப்புக்குள் 'வைஃபை ஸ்கேனிங்' தனியாக இருக்கும். வைஃபையை அணைத்தாலும் அது ஓடும். அதையும் தேடி அணையுங்கள்.