பாவமுங்களா டாக்டர்?

"நாள் தள்ளிப் போயிருச்சுங்க" என்று வருகிற பெண், கருவைக் கலைப்பது பற்றி எல்லாம் பேசி முடித்து எழுந்து போகும்போது, கதவருகே நின்று திரும்புவார். "பாவமுங்களா டாக்டர்?" ஈரோட்டுப் பக்கம் பதினெட்டு வருடமாக மகப்பேறு பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் சீட்டு எழுதத் தெரியவில்லை.

காங்கேயம் பக்கத்துப் பெண் ஒருவர் (விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கைக்குழந்தைக்கு எட்டு மாதம், தறி வேலை. முதலில் வந்தபோது ஏழு வாரம். மாமியார் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் முடியாது என்றுவிட்டார். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ பொட்டலம் கட்டிப் போட்டதில் நினைத்த பூ வரவில்லை. சரி, அமாவாசைக்கு இன்னொரு தடவை. அப்புறம் வெளியூரிலிருந்து வீட்டுக்காரர் வர வேண்டும். மறுபடி என்னிடம் வந்தபோது பதினோரு வாரம். ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரையிலேயே முடிந்திருக்கும். இப்போது உறிஞ்சி எடுக்க வேண்டியதாயிற்று. சாமியைக் கேட்டார்கள், வீட்டுக்காரரைக் கேட்டார்கள், அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து கேட்பது ஆஸ்பத்திரிகளின் பழக்கம். கருத்தடை தவறியதும் சட்டம் ஏற்கும் காரணம்தான். 2021 திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவர் பார்த்தால் போதும். வல்லுறவுக்கு ஆளானவர்கள் போன்ற சிலருக்கு இரண்டு மருத்துவர்கள் பார்த்து 24 வாரம் வரை. கல்யாணமாகாதவர்களைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மதங்கள் ஒரே குரலில் பேசவில்லை. நம் சாத்திரங்கள் பாவம் என்கின்றன. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலர் 120 நாளில்தான் உயிர் ஊதப்படுகிறது என்று கணக்கு வைத்தாலும், அதற்கு முன் கலைக்கலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை கருவுற்ற கணம் முதலே கூடாது என்கிறது. எங்கள் நர்ஸ் ஒருவர் கத்தோலிக்கர். இந்தச் சிகிச்சைக்கு உதவ மாட்டார், வேறு வேலை கொடுத்துவிடுவேன். ஆனால் வார்டில் அந்தப் பெண்ணை ஒரு சொல் சொல்ல மாட்டார். அவர் மேல் எனக்கு மரியாதை.

பொறுக்க முடியாதது இன்னொன்று. பாவம் என்று பேசிய அதே வாய், "ஸ்கேன்ல என்னன்னு சொல்லிருங்க" என்று மெல்லக் கேட்கும். ஆணா பெண்ணா என்று சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேண்டாம் என்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது என்பதை நம் பக்கத்து ஆட்கள் மறந்துவிடுகிறோம்.

பயந்து, மெடிக்கலில் ரகசியமாக மாத்திரை வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை கேட்காது. ரத்தம் பட்டதும் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுவார்கள். குழாய் உள்ளே வெடிக்கும். கடுமையான வயிற்றுவலி, மயக்கம், ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைவது, எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரி.

காங்கேயத்துப் பெண் காப்பர்-டி போட வந்தபோதும் அதையே கேட்டார். "எனக்குத் தெரிஞ்சது உடம்பு அம்மிணி, சாமிகிட்ட நீயே பேசிக்க" என்றேன்.

"சாமி ஒண்ணும் சொல்லாதுங்க டாக்டர். எங்கத்தைதான் இன்னும் பேசறதில்லீங்க."